ரெட்ரோஆர்ச் மெனுவை ஒழுங்குபடுத்துவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ரெட்ரோஆர்ச்சை முதல் தடவை திறப்பவர்கள், கேம் ஆரம்பிக்கும் முன்பே களைத்துப்போகிறார்கள். காரணம் இருக்கிறது. அது தனி ஒரு எமுலேட்டர் (பழைய கேம் கருவியைப் போலவே இயங்கி அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள்) அல்ல. 'கோர்' எனப்படும் பல எமுலேட்டர்களை ஏற்றி ஓட்டும் பொதுவான முகப்பு. கேம்பாய்க்கு ஒரு கோர், பிளேஸ்டேஷனுக்கு வேறொரு கோர். அத்தனைக்கும் சேர்த்து எல்லா அமைப்புகளும் ஒரே மெனுவில் குவிந்து கிடக்கும். அதில் பாதியை நீங்கள் தொடவே போவதில்லை. எனவே நாம் செய்யப்போவது பெரும்பாலும் மறைக்கும் வேலைதான்.

1. முதலில் ஒரு நகல்

'மெயின் மெனு'வில் 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்பதற்குள் போய் 'சேவ் நியூ கான்ஃபிகரேஷன்' கொடுங்கள். இப்போதைய நிலை தனிக் கோப்பாகப் பதிவாகிவிடும். பின்னால் எதையாவது குழப்பிவிட்டால், அதே இடத்தில் 'லோட் கான்ஃபிகரேஷன்' மூலம் இந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றலாம். அடுத்த படிகளில் எதை மறைத்தாலும் இந்த 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' வரியை மட்டும் மறைக்காதீர்கள்.

2. மெனுவின் தோற்றம்

'செட்டிங்ஸ்', அதில் 'டிரைவர்ஸ்', அதில் 'மெனு'. கணினியில் வழக்கமாக 'ஓசோன்' இருக்கும்; இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம். புதியவர்களுக்கு இதுவே போதும். 'எக்ஸ்எம்பி' பிளேஸ்டேஷன் 3 மெனுவைப் போல இருக்கும். பழைய, வேகம் குறைந்த கருவி என்றால் 'ஆர்ஜியூஐ'. அழகாக இராது, ஆனால் இலகுவாக ஓடும். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

3. வேண்டாதவற்றை மறைத்தல்

முக்கியமான படி இதுதான். 'செட்டிங்ஸ்', 'யூசர் இன்டர்ஃபேஸ்', 'மெனு ஐட்டம் விசிபிலிட்டி' என்று போங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆன், ஆஃப் இருக்கும். ஆஃப் செய்தால் அந்த வரி கண்ணில் படாது, அவ்வளவே, எதுவும் அழியாது.

முதலில் பக்கப்பட்டியலைப் பாருங்கள். படம், பாட்டு, வீடியோ ஆகியவற்றுக்கான பகுதிகளை எடுத்துவிடலாம். இணையத்தில் சேர்ந்து விளையாடுவதில்லை என்றால் 'நெட்பிளே'வும் வேண்டாம். அப்புறம் 'குவிக் மெனு'. விளையாட்டின் நடுவே எஃப்1 அழுத்தினால் வருவது இதுதான் என்பதால், இது சுருக்கமாக இருந்தால்தான் வசதி. ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங் இரண்டையும் தாராளமாக நீக்குங்கள். சேவ் ஸ்டேட் (விளையாட்டை அந்த நொடியிலேயே சேமிப்பது), 'கோர் ஆப்ஷன்ஸ்' (அந்தக் கோருக்கே உரிய அமைப்புகள்), 'கன்ட்ரோல்ஸ்', 'ஓவர்ரைட்ஸ்' (5ஆம் படியில் வரும்) நான்கும் இருக்கட்டும். 'ஷேடர்ஸ்' உங்கள் விருப்பம். பழைய டிவியின் கோடுகள் போட்ட திரை பிடிக்கும் என்றால் விட்டுவையுங்கள்.

நிறுவிய அன்றே இதைச் செய்யாமல், கொஞ்ச நாள் விளையாடிவிட்டுச் செய்வது நல்லது. எதற்கு அடிக்கடி போகிறீர்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

4. கன்ட்ரோலரிலேயே மெனு

'செட்டிங்ஸ்', 'இன்புட்', 'ஹாட்கீஸ்'. அங்கே மெனுவைத் திறக்கும் பட்டன் ஜோடியைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டார்ட்டும் செலக்ட்டும் சேர்ந்த ஜோடி பலருக்குக் கைக்கு வாகாக இருக்கும்.

5. ஒவ்வொரு கோருக்கும் தனி அமைப்பு

கேம்பாய் படம் முழு எண் மடங்கில் பெரிதானால்தான் புள்ளிகள் சீராகத் தெரியும். அதே அமைப்பு பிளேஸ்டேஷனுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கேம் ஓடும்போதே அமைப்பை மாற்றி, 'குவிக் மெனு', 'ஓவர்ரைட்ஸ்', 'சேவ் கோர் ஓவர்ரைட்ஸ்' கொடுங்கள். அந்தக் கோருக்கு மட்டும் அது பதிவாகும். ஒரு ஃபோல்டருக்கோ ஒரே ஒரு கேமுக்கோ தனியாகவும் பதியலாம். மூன்றும் முரண்பட்டால் கேமுக்கு முதல் உரிமை, அடுத்து ஃபோல்டர், கடைசியில் கோர். 'கோர் ஆப்ஷன்ஸ்' இதில் சேராது. அதற்குத் தனிப் பதிவு உண்டு.

6. பூட்டு

எல்லாம் படிந்தபின் 'செட்டிங்ஸ்', 'கான்ஃபிகரேஷன்' போய் 'சேவ் கான்ஃபிகரேஷன் ஆன் எக்ஸிட்' என்பதை ஆஃப் செய்யலாம். தெரியாமல் கைபட்டு மாறியவை பதிவாகாது. ஆஃப் செய்த கையோடு, முதல் படியில் பார்த்த 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' பகுதிக்குப் போய் 'சேவ் கரன்ட் கான்ஃபிகரேஷன்' கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த மாற்றமே பதிவாகாமல் போகலாம்.

வீட்டில் குழந்தைகளும் விளையாடுவார்கள் என்றால் 'யூசர் இன்டர்ஃபேஸ்' பகுதியில் 'கியோஸ்க் மோட்' இருக்கிறது. அமைப்புகள் தொடர்பான எல்லாவற்றையும் அது மறைத்துவிடும். ஆன் செய்யும்போதே கடவுச்சொல்லும் வையுங்கள். அப்போதுதான் பிறகு 'மெயின் மெனு'விலிருந்தே அதை நீக்க முடியும்.