பார்க்கின்சன் பயிற்சிக்கு வீடியோ கேம்: வீட்டில் எப்படித் தொடங்குவது?

அப்பாவுக்குப் பார்க்கின்சன், உடல் அசைவைப் பாதிக்கும் மூளை நோய். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளை அவர் மூன்றாம் நாளே மடித்து வைத்துவிட்டார். அதே கை வீச்சும் காலுக்குக் கால் எடை மாற்றுவதும் திரையில் பந்து உருட்டும் ஆட்டமாக வந்தபோது, "இன்னும் ஒரு ஆட்டம்" என்றார். எங்கள் வீட்டில் இது இப்படித்தான் தொடங்கியது.

நெதர்லாந்தில் 130 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நோய் இன்னும் முற்றாதவர்கள் ஆறு மாதம் வீட்டிலேயே திரை விளையாட்டோடு இணைந்த நிலைமிதிவண்டியை ஓட்டினார்கள். தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, இவர்களுக்கு அசைவுச் சிக்கல்கள் குறைவாகவே கூடின. ஆனாலும் இது மருந்துக்கு மாற்று இல்லை. அண்மையில் கீழே விழுந்தவர்களும் எழுந்து நின்றால் தலை சுற்றுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கருவியை டிவியில் இணைப்பதைப் பற்றி எழுதப் போவதில்லை, அது வந்துவிடும். எதை வாங்குவது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். கையில் பிடிக்க ஒன்றும் இல்லாத, கேமரா வைத்த கருவிதான் என் தேர்வு. ரிமோட்டைக் கையில் பிடித்து ஆடும் நின்டெண்டோவின் வீ (Wii) கருவியில், பந்து உருட்டும்போது கையை வீசும் நொடியில் அழுத்திய பட்டனை விட வேண்டும். அப்பாவின் கை வீசிவிடும், விரல் விடாது. பந்து போகாது, அவருக்குக் கோபம் வரும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸோடு இணைக்கும் கேமராவான கினெக்டில் (Kinect) அந்தத் தொல்லை இல்லை. 2017-இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், பழையது கிடைத்தால் விடாதீர்கள். வீ கருவிக்கான, மேலே ஏறி நின்று ஆடும் பலகையான பேலன்ஸ் போர்டை மட்டும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். உயரம் கொஞ்சம்தான், ஆனால் அதிலிருந்து பின்னால் இறங்கும்போது அடி எங்கே விழும் என்று பார்க்கின்சன் உள்ளவர்களுக்குத் தெரியாது.

இடம்: கேமராவிலிருந்து சுமார் இரண்டு மீட்டர். தரையில் விரிப்பு, வயர் எதுவும் கூடாது. பின்னால் சுவரை ஒட்டி ஒரு கனமான நாற்காலி.

நேரம்: பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு. அப்பாவுக்குப் போட்ட முக்கால் மணி நேரத்தில் உடல் இளகும். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம், ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வேகமாகத் தாவி ஆடும் ஆட்டங்களைத் தள்ளிவிட்டு, முறை வைத்து ஆடுவதை எடுங்கள்.

சரி, இனிதான் நான் சொதப்பிய இடம். அப்பா ஆடும்போது பின்னால் நின்று உற்சாகமாகக் கத்துவேன்: "இடது பக்கம்! அப்பா, இடது! எவ்வளவு பாயிண்ட் வந்திருக்கு பாருங்க!" ஒவ்வொரு முறையும் அவர் பாதி அசைவில் நின்றுவிடுவார். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் கடினம் என்று நினைத்து மாற்றினேன், கேமராவை மாற்றினேன், செருப்பைக்கூட மாற்றினேன். கடைசியில் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார்.

காரணம் இதுதான். நடந்துகொண்டே பேசுவது நமக்குத் தானாக வரும். பார்க்கின்சனில் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் மூளை அந்தத் தானியங்கி வேலையைச் சரியாகச் செய்வதில்லை. ஒவ்வொரு அடியையும் கவனம் கொடுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. திரையைப் பார்ப்பதும் உடலை அசைப்பதும் சேர்ந்தே இரண்டு வேலை. மூன்றாவது வேலையை நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு கை எட்டும் தூரத்தில், பக்கவாட்டில், வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். பாராட்டெல்லாம் அவர் உட்கார்ந்த பிறகுதான். (இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யப் பழக்குவதும் ஒரு பயிற்சிதான். அதை எப்போது தொடங்குவது என்று சொல்ல வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட்.)

கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். நிற்கட்டும். உடலை இடமும் வலமும் மெல்ல ஆட்டி எடையை மாற்றட்டும், அப்புறம் பெரிதாக ஓர் அடி.

சேர்க்கை 1: "ஆட்டம் முழுக்க நன்றாக இருந்தார், முடிந்ததும் விழப் பார்த்தார்" என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். நாற்காலிக்குப் போக ஒரே இடத்தில் சட்டென்று திரும்பியிருக்கிறார். அரைவட்டமாக நடந்து திரும்பச் சொல்லுங்கள். அதையும் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சேர்க்கை 2: யாராவது குறுக்கே நடந்தால் கேமரா அவரை ஆட்டக்காரராக எடுத்துக்கொள்கிறது என்ற புகார் நிறைய வந்தது. அறைக் கதவைச் சாத்துவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சேர்க்கை 3: மதிப்பெண் குறைந்தால் அம்மா அன்று முழுக்கப் பேசுவதில்லை என்றார் ஒரு வாசகி. திரையில் எண் வரும் மூலையில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டச் சொன்னேன். ஒட்டினாராம். ஆட்டம் முடிந்ததும் அம்மா முதலில் போய் அதைத்தான் தூக்கிப் பார்க்கிறாராம்.