மும்பைத் துறைமுகத்தில் பாய்ப்படகு ஓட்டப் பழக

செம்பூர், மாட்டுங்கா, தாராவி என எங்கே குடியிருந்தாலும், பாய்ப்படகு பழக விரும்பும் மும்பைத் தமிழர்கள் பெரும்பாலும் வந்து சேர்வது கொலாபா, கேட்வே பக்கம்தான். சீசன் அக்டோபரிலிருந்து மே வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் கடலில் சின்னப் படகை இறக்கவே கூடாது.

எந்த நாளில் போவது என்பதை வீட்டுத் தினசரிக் காலண்டரே சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியன்றும் அடுத்த இரண்டொரு நாளும் மும்பையில் நீர் ஏறி இறங்கும் உயரம் நான்கு மீட்டரை ஒட்டி இருக்கும். அந்த நாட்களில் ஏற்றம் உச்சிக்கு வருவது நண்பகல் வாக்கில். பிறகு ஆறு மணிநேரம் வற்றிக்கொண்டே போகும். வற்றும் ஆறு மணியில் நடு இரண்டு மணிநேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வெளியேறுகிறது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை நீரோட்டம் படகைத் தென்மேற்கே, திறந்த கடலை நோக்கித் தள்ளும். காற்றும் விழுந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கும் அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்கள்தான் பழகுவதற்கு ஏற்றவை. நீர்மட்ட வித்தியாசம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். பிற்பகலில் நீர் துறைமுகத்துக்கு உள்ளே ஏறும். எந்த நாளானாலும் முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிக் கட்டிவிடுங்கள். படகின் முகப்பைக் காற்றுக்கு நேராக நிறுத்திய பிறகே பாயை ஏற்ற வேண்டும். பக்கவாட்டில் நிற்கும்போது ஏற்றினால் பாயில் காற்று நிரம்பி, நீங்கள் ஏறுமுன்பே படகு ஓடிவிடும் அல்லது சாய்ந்துவிடும்.

காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்காருங்கள். படகின் பின்பக்கமுள்ள கையில் டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி), முகப்புப் பக்கமுள்ள கையில் மெயின்ஷீட் (பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு). டில்லரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ, முகப்பு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரிக்குள் எந்தப் பாயும் இழுக்காது. பாயை எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: பாய்மரத்தை ஒட்டிய ஓரம் படபடக்கும்வரை கயிற்றை விடுங்கள், படபடப்பு நிற்கும்வரை இழுங்கள், அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு சாயுமே தவிர வேகம் கூடாது. பழகும் காலத்தில் மெயின்ஷீட்டைக் கொக்கியில் பூட்டிவைக்க வேண்டாம். திடீர்க் காற்று அடித்தால் சட்டென்று கயிற்றை விடுவதுதான் கவிழாமல் காப்பாற்றும்.

காற்றை எதிர்த்துப் போக, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் டாக். முதலில் நல்ல வேகம் பிடியுங்கள். டில்லரைப் பாய் இருக்கும் பக்கம் சீராகத் தள்ளுங்கள், பூம் (பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கட்டை) தலைக்கு மேலே கடக்கும்போது முகம் முன்னோக்கியபடி குனிந்து மறுபக்கம் மாறுங்கள், புதிய திசையில் பாய் நிரம்பியதும் டில்லரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வேகமில்லாமல் திருப்பினால் படகு பாதியில் காற்றுக்கு நேரே மாட்டிக்கொள்ளும். அப்போது டில்லரையும் பூமையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து திரும்பும். முகப்பு போதுமான அளவு விலகியதும் இரண்டையும் இழுத்தால் ஓடத் தொடங்கும்.

காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு திரும்புவது ஜைப். பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முழு விசையோடு வீசியடிக்கும். மண்டை உடைவது இங்கேதான். காற்று பலமாக இருந்தால் ஜைப் வேண்டாம். எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஒரு டாக் அடித்தே அதே திசைக்கு வந்துவிடலாம்.

கவிழ்ந்துவிட்டால் கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் நீந்தாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். மெயின்ஷீட்டைத் தளர்த்தி, முகப்பைக் காற்றுப் பக்கம் திருப்பி, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சென்டர்போர்டு பலகையின் மேல் ஏறிச் சாய்ந்தால் படகு நிமிரும்.

வழி விதிகள் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இருக்கின்றன. இரண்டு பாய்ப்படகுகள் நெருங்கும்போது, காற்றை இடப்பக்கம் வாங்கி வருவது ஒதுங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கக் காற்று என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது ஒதுங்க வேண்டும். முந்திச் செல்பவர் எப்போதும் ஒதுங்க வேண்டும். மோட்டார் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் அதை நம்பி கப்பல் கால்வாய்க்குள் நுழையாதீர்கள். ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்கும் புட்சர் தீவுக்கும் போகும் பெரிய கப்பல்கள் ஆழமான கால்வாயை விட்டு விலக முடியாது. அங்கே அவற்றுக்கு இடைஞ்சல் தராமல் இருப்பது பாய்ப்படகின் கடமை. வலை இழுத்துக்கொண்டிருக்கும் மீன்பிடிப் படகுக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

இந்தியாவில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அமெரிக்காவில் இது தலைகீழ்; அங்கத்திய வீடியோக்களைப் பார்த்துப் பழகினால் தடத்தை விட்டு ஆழமில்லாத பக்கம் போய்த் தரைதட்டுவீர்கள். கடற்படைத் தளத்தை ஒட்டிய நீரை முழுவதும் தவிர்த்துவிடுங்கள்.

எலிஃபன்டா தீவுக்குப் போகும் படகோ சரக்குக் கப்பலோ மோத வருகிறதா என்று அறிய, உங்கள் திசையை மாற்றாமல், பாய்மரத்தைத் தாங்கும் கம்பியோடு அதைச் சேர்த்துப் பாருங்கள். கம்பியை விட்டு முன்னோ பின்னோ நகர்ந்தால் கவலையில்லை. அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் உறுதி. உடனே, எதிராளிக்குத் தெளிவாகத் தெரியும்படி பெரிதாகத் திரும்புங்கள். ஐந்து குறுகிய ஹார்ன் ஒலி கேட்டால், உங்கள் நோக்கம் அவர்களுக்குப் புரியவில்லை என்று பொருள். ஏழு மீட்டருக்குக் குறைவான படகில் விளக்குகள் இல்லாவிட்டாலும், இருட்டினால் காட்ட ஒரு டார்ச் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும்.