காற்றில் விழுந்த மாங்காயை வீணாக்காமல் இருக்க

சித்திரைக் காற்றில் ஒரே நாளில் கூடை கூடையாகக் காய் விழும். முதலில் பிரித்து வையுங்கள். அடிபட்டது, வெடித்தது எல்லாம் அன்றைக்கே தொக்குக்கு. அடிபடாத காய் வற்றலுக்கு.

வற்றலுக்கு 1 கிலோ காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் தடிமனில் நறுக்குங்கள். 120 கிராம் கல்லுப்பு, அரை ஸ்பூன் மஞ்சள்தூள் சேர்த்து ஜாடியில் போட்டு, தினமும் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். மூன்றாம் நாள் நீர் நன்றாக விட்டிருக்கும். துண்டுகளை மட்டும் எடுத்துப் பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் அதே உப்புநீரில் திரும்பப் போடுங்கள். நீர் முழுக்க இழுத்துக்கொண்டதும், ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை காயவிட வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது; டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். உப்பைக் குறைப்பதும் அதே வம்புதான்.

தொக்குக்கு அரை கிலோ துருவல், 150 மில்லி நல்லெண்ணெய், 3 டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள், 2 டேபிள்ஸ்பூன் உப்பு, பெருங்காயம். எண்ணெயில் கடுகு தாளித்து, துருவலை உப்போடு சிறுதீயில் வதக்குங்கள். சுருண்டு ஓரத்தில் எண்ணெய் கக்கிய பிறகுதான் மிளகாய்த்தூள். முன்னாலேயே போட்டால் அடிப்பிடித்துக் கறுக்கும். வெந்தயத்தைச் சிவக்க மட்டும் வறுத்துப் பொடித்து, கடைசியில் ஒரு ஸ்பூன். கருகிவிட்டால் தொக்கு முழுக்கக் கசக்கும், வெல்லம் போட்டாலும் மறையாது.

ஆறியபின் கண்ணாடி பாட்டில். ஈரக் கரண்டி வேண்டாம்.