பழைய பத்மினியின் ஸ்டியரிங் ஆட்டத்தைச் சரிசெய்யும் முறை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில், சுமை லாரிகளுக்கு நடுவே, ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் திருப்பிய பிறகே முன்சக்கரம் அசையத் தொடங்கும் ஒரு காரை யாரும் ஓட்டக்கூடாது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்வோர் பலர் உண்டு. அது சரியன்று. 1964 முதல் ஃபியட் 1100 ஆகவும் பின்னர் பிரீமியர் பத்மினியாகவும் மும்பையில் தயாரான இந்தக் கார், மூட்டுகள் யாவும் சரியாக இருந்தால் இன்றும் நேர்க்கோட்டில் நிதானமாகச் செல்லும்.

ஸ்டியரிங் ஆடுகிறது என்றவுடன் பல பட்டறைகளில் முதலில் செய்வது, ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள சரிசெய்யும் திருகை இறுக்குவதுதான். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் வார்ம் என்னும் திருகு வடிவப் பல்சக்கரம், வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது. நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால், தேயாத ஓரப்பகுதிகளில் பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வளைவில் திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டியிருப்பதால் வண்டி முன்னைவிட அதிகமாக அலையும்.

ஆகவே சோதனையைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே வகையாக இருக்கின்றனவா, காற்றழுத்தம் கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண கிராஸ்பிளை டயரையும் ரேடியலையும் கலந்து மாட்டியிருந்தால், மற்ற எதைச் சரிசெய்தாலும் வண்டி நேராக ஓடாது. அடுத்து, பலர் பார்க்கத் தவறும் பின்பக்கம். பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ, ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ்கள் (உள் உறைகள்) தேய்ந்திருந்தாலோ, பின்னச்சே சற்று இடம் மாறி வண்டியைத் திருப்பும். சுமை ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் பட்டை சேர்த்து வாலைத் தூக்கியிருந்தால், முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னின் பின்சாய்வு குறைந்து, சக்கரம் நேருக்குத் திரும்பும் குணமும் குறைந்துவிடும். அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிடுவதே நல்லது.

இனி முன்பக்கம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை ஸ்டியரிங்கில் அமர்த்துங்கள். ஆட்டம் முடியும் எல்லைவரை இடமும் வலமுமாகச் சிறு அசைவாக அவர் திருப்பிக்கொண்டே இருக்க, நீங்கள் வரிசை மாறாமல் ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும்: பெட்டிக்குள் செல்லும் தண்டு, பெட்டியிலிருந்து வெளிவரும் டிராப் ஆர்ம் என்ற கை, நடுத் தண்டு, அதன் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், சக்கரங்களோடு இணைக்கும் இருபுறத்து டை ராடுகள், கடைசியாகச் சக்கரத்தின் ஸ்டியரிங் கை. எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதிக்கிறதோ, குறை அங்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தையும் விரல் உணர்ந்துவிடும் என்பதால் கையைத்தான் நம்ப வேண்டும். பெட்டியே அசைகிறது என்றால், அதைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்கி, அந்த இடத்துத் தகட்டில் விரிசல் உண்டா என்று துடைத்துப் பாருங்கள். ஐட்லர் ஆர்ம் புஷ்ஷைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பாதி வண்டிகளின் நோய் அங்கேதான் இருக்கும் என்பது என் கருத்து.

பிறகு பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மற்றொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது சக்கர பேரிங்கின் தளர்வு. அப்போதும் தொடர்ந்தால் கிங் பின் தேய்ந்திருக்கிறது. பேரிங் என்றால், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின்பு தளர்த்தி, தடையின்றியும் ஆட்டமின்றியும் சுழலும் நிலையில் நட்டு கழலாதபடி புதிய ஸ்பிளிட் பின் (பிளந்த கம்பிப் பூட்டு) போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுவது உயிரோடு விளையாடும் செயல்.

கிங் பின் மாற்றுவது வீட்டு வாசலில் முடியும் வேலையன்று. புதிய புஷ்களை அழுத்தி ஏற்றிய பிறகு, அவற்றை ரீமர் என்ற துளை கடையும் கருவியால் கிங் பின்னின் அளவுக்குத் துல்லியமாகக் கடைய வேண்டும். நெடுஞ்சாலையையொட்டி லாரி வேலை செய்யும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பட்டறைகளுக்கும் லேத் கடைகளுக்கும் இது பழகிய வேலை. ஆனால் லாரியின் அளவு வேறு, காரின் அளவு வேறு என்பதால் புதிய பின்னையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். எண்ணெய் தடவிய கிங் பின், கையழுத்தத்தில் இறங்க வேண்டும்; தானாக நழுவி விழக்கூடாது. மாற்றிய பிறகு கிரீஸ் நிப்பிள் வழியாக, கிரீஸ் ஓரத்தில் வெளியே வரும்வரை ஏற்றுங்கள். அடிக்கடி கிரீஸ் வைத்த கிங் பின் நெடுங்காலம் உழைக்கும்.

டை ராடு எண்டுகளை (முனை மூட்டுகளை) மாற்றும்போது, கழற்றுவதற்கு எத்தனை சுற்று ஆயிற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் அலைன்மென்ட் அதிகம் மாறாது. ஒரு முனையில் இடது மரை (எதிர்ப்புறமாகத் திருப்ப வேண்டிய மரை) இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மூட்டின் கூம்புத் தண்டு இறுகியிருந்தால் மரையின் மேல் சுத்தியலால் அடிக்காமல், அதைப் பிரித்தெடுக்கும் இழுப்பானைப் பயன்படுத்துங்கள்.

இவை யாவும் முடிந்தும் ஸ்டியரிங் விளிம்பில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆட்டம் எஞ்சினால் மட்டுமே பெட்டியைத் தொடலாம். முதலில் கியர் ஆயில் இருக்கிறதா, சீல் வழியே ஒழுகுகிறதா என்று பாருங்கள். டிராப் ஆர்மிலிருந்து தண்டைப் பிரித்துவிட்டு, ஸ்டியரிங்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை சுற்றி எண்ணி, அதில் பாதியில் நிறுத்தினால் அதுவே பெட்டியின் உண்மையான நடு. திருகைப் பூட்டும் லாக் நட்டைத் தளர்த்தி, திருகை எட்டில் ஒரு பங்குச் சுற்று மட்டும் இறுக்கி, முழு ஓட்டத்துக்கும் திருப்பிப் பாருங்கள். எங்கேனும் இறுக்கம் தென்பட்டால் பின்வாங்குங்கள். நடுவில் ஆட்டமும் ஓரத்தில் இறுக்கமும் சேர்ந்தே இருந்தால் வார்ம் தேய்ந்துவிட்டது; பாகத்தை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. பெட்டியின் நடுவும் சக்கரங்களின் நேர்நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பு யாரேனும் ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றி நேராக்கி மாட்டியிருந்தால் இந்தப் பொருத்தம் கெட்டிருக்கும். இருபுறத்து டை ராடுகளையும் சமமாகத் திருப்பி அதை மீட்க வேண்டும்.

2014 வரை வந்த அம்பாசடருக்கும் இதே வரிசை பொருந்தும். அதில் பெட்டிக்குப் பதிலாக ரேக் (பல் வெட்டிய நேர்த்தண்டு) இருப்பதால், ரேக்கைப் பிடிக்கும் கிளாம்புகளையும், ரப்பர் உறைக்குள் இருக்கும் உள்மூட்டுகளையும் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பின்பு சோதனை ஓட்டத்தை நெடுஞ்சாலையில் தொடங்காமல், வண்டி குறைந்த ஒரு நேரான கிராமச் சாலையில், மெதுவான வேகத்தில் செய்யுங்கள். சாலையின் சரிவே வண்டியை இடப்பக்கம் இழுக்கும் என்பதால், வெவ்வேறு சாலைகளில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். திரும்பியதும் ஒவ்வொரு ஸ்பிளிட் பின்னையும் பார்த்து, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளையும் பெட்டியின் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.