சீன, ஜப்பானிய நாவல்களை ஆங்கிலத்தில் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

நவீன சீன, ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கிலம் வழியாகப் படித்து எழுதும் கட்டுரைகளில் மொழிபெயர்ப்பாளரின் பெயரே இருப்பதில்லை. மற்ற பிழைகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ரிக்‌ஷாக்காரன் சியாங்ஸியைப் பற்றிச் சீன எழுத்தாளர் லாவ் ஷெ எழுதிய நாவல் 1936-37இல் தொடராக வந்தது. அதில் சியாங்ஸி மனம் வைத்த பெண் தூக்கிட்டுச் சாகிறாள், அவனும் சீரழிந்துபோகிறான். 1945இல் ஈவான் கிங் செய்த ஆங்கிலப் பிரதியிலோ அவளை அவன் மீட்டுவிடுகிறான். அமெரிக்காவில் அமோகமாக விற்றது இந்தச் சுபமுடிவுப் பிரதிதான். அதை மட்டும் படித்துவிட்டு ‘லாவ் ஷெயின் நம்பிக்கை’ என்று எழுதினால், அது ஈவான் கிங்கைப் பற்றிய கட்டுரை. சீனத்திலும் சிக்கல் உண்டு: 1955 பதிப்பில் நாவலின் கடைசிப் பகுதி வெட்டப்பட்டது. ஆகவே முதலில் பதிப்புரிமைப் பக்கத்தையும் முன்னுரையையும் படியுங்கள். மொழிபெயர்த்தவர் யார், எந்த ஆண்டு, எந்த மூலப் பதிப்பு, சுருக்கப்பட்டதா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இது பழங்காலத்துச் சங்கதி என்று விட்டுவிட வேண்டாம். ஜப்பானிய எழுத்தாளர் முரகாமியின் ‘தி விண்ட்-அப் பேர்ட் க்ரானிக்கிள்’ 1997இல் ஜே ரூபின் மொழிபெயர்ப்பில் வந்தபோது, பதிப்பகம் விதித்த அளவுக்காகச் சுமார் 25,000 சொற்கள் நீக்கப்பட்டன.

அடுத்த சறுக்கல், ஆங்கில வாக்கியத்தை வைத்து மூல ஆசிரியரின் நடையை அளப்பது. கவபத்தாவின் ‘பனிநாடு’ சைடன்ஸ்டிக்கரின் ஆங்கிலத்தில் (1956) ‘ரயில்’ என்ற எழுவாயோடு தொடங்குகிறது. ஜப்பானிய வாக்கியத்தில் ரயிலே இல்லை. ‘எல்லையின் நீண்ட சுரங்கத்தைக் கடந்ததும் பனிநாடு’ என்பதுதான் அதன் போக்கு. மூலத்தில் வாசகர் ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் வெளியே நின்று ரயிலைப் பார்க்கிறார். ‘எல்லை’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் விடுபட்டுவிட்டது. எழுவாய் இல்லாமல் பேசிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

லூ சுன்னின் ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ (1918) இதைவிட நுட்பமானது. முன்னுரை பழைய இலக்கியச் சீனத்திலும் நாட்குறிப்பு வழக்குச் சீனத்திலும் இருக்கின்றன. பைத்தியம் தெளிந்து அவன் அரசுப் பதவிக்குப் போய்விட்டான் என்ற செய்தி அந்தப் பழைய நடையில் வருகிறது. மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒரே ஆங்கிலத்தில் தந்தால், பழைய ஒழுங்கு அவனை விழுங்கிக்கொண்டது என்பது காதில் விழாது.

பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். கவபத்தா குடும்பப் பெயர். ஆனால் நட்சுமே சோசெகியைப் புனைபெயரான சோசெகி என்றே குறிப்பிடுவது வழக்கம். ‘லூ சுன்’ முழுவதும் புனைபெயர். பழைய ஆங்கில நூல்களில் ‘சுன்’ எச்-எஸ்-யு-என் என்றும், சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் இன்றைய முறையான பின்யினில் எக்ஸ்-யு-என் என்றும் இருக்கும். நூலக அட்டவணையில் இரண்டையும் தேடுங்கள். குரோசவாவின் ‘ராஷோமோன்’ படத்தைப் பார்த்துவிட்டு அகுதாகவாவின் அதே பெயருள்ள கதையைப் பற்றி எழுதுவதும் தவறு. படத்தின் கதைப்பின்னல் பெரும்பாலும் அவருடைய ‘மூங்கில் தோப்பில்’ (1922) கதையிலிருந்து வந்தது.

மூலமொழி தெரியாதவர்களுக்கு உதவும் பயிற்சி ஒன்று உண்டு. சோசெகியின் ‘கொகொரோ’வில் ஒரே பக்கத்தை மெக்கிளெலன் (1957), மெக்கின்னி (2010) இருவரிடமும் படித்து, வேறுபடும் இடங்களைக் கோடிடுங்கள். அந்த இடங்களில் சொற்களை வைத்து வாதாட வேண்டாம். காட்சிகளின் வரிசை, யார் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பவை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். வாதத்தை அவற்றின்மேல் கட்டுங்கள்.