பெயரை அப்புறம் சொல்லலாம்: குழந்தைகளோடு சிற்பம் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசுப் பாறைக்கு எதிரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் நின்று பாருங்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள். "இதுதான் அர்ஜுனன் தபசு, பல்லவர் காலத்துது" என்று அப்பா சொல்வார். வரிசையாக நின்று போட்டோ எடுப்பார்கள். அப்புறம் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கிளம்பிவிடுவார்கள். தபசுப் பாறையோ சுமார் முப்பது மீட்டர் நீளம், நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும். என் மகளை முதல் தடவை நானும் இப்படித்தான் கூட்டிப்போய் வந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் அவளுக்கு நினைவிருந்தது ஐஸ்கிரீம்தான்.

அன்று நான் செய்த தவறு, பெயரை முதலில் சொன்னது. பெயர் தெரிந்துவிட்டால் குழந்தைக்கு அதற்குமேல் தேட எதுவும் இல்லை. அதுவும் இந்தப் பாறை விஷயத்தில் பெரியவர்களுக்கே ஒரே முடிவு கிடையாது. சிவனிடம் பாசுபதம் என்ற ஆயுதத்தை வேண்டித் தவமிருக்கும் அர்ஜுனன் என்பார்கள் சிலர்; கங்கையைக் கொண்டுவரத் தவமிருந்த பகீரதன் என்பார்கள் வேறு சிலர்.

அடுத்த தடவை ஒன்றுமே சொல்லாமல், "இதுல எத்தனை மிருகம் இருக்கு, எண்ணு பாக்கலாம்" என்றேன். பெரிய யானையையும் அதன் காலடியில் நிற்கும் குட்டிகளையும் எண்ணிக்கொண்டே வந்தவள், தந்தத்துக்குக் கீழே பூனையைக் கண்டுபிடித்தாள். பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு மேலே இடப்பக்கம் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பார்த்துவிட்டு, "பூனை ஏம்மா அவர மாதிரியே நிக்குது?" என்றாள். நானாகச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. தவமிருப்பதுபோல் நடித்து எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. அதைச் சொல்ல அதுதான் நேரம். அப்புறம் அவளே கையைத் தூக்கி ஒற்றைக்காலில் நின்று பார்த்தாள். பத்து எண்ணுவதற்குள் தடுமாறிவிட்டாள். தவசியின் விலா எலும்பு ஏன் அப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேரம் பார்க்காமல் போவதும் தவறுதான். இந்தப் பாறை கிழக்கு பார்த்தது. பிற்பகலில் அதன்மேல் நேர்வெயில் இருக்காது. புடைப்புச் சிற்பத்துக்கு வெளிச்சமும் நிழலும்தான் உயிர். காலையில் போய், வெயில் மெல்ல மேலே ஏறும்போது யானையின் வயிற்றுக்குக் கீழே நிழல் எப்படிக் கூடுகிறது என்று காட்டுங்கள்.

பஞ்ச ரதத்தில் யானைமேலும் சிங்கத்தின்மேலும் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 1,300 ஆண்டுக்கு மேல் உப்புக்காற்றைத் தாங்கிய கல் அது. அதற்காக "தொடாதே, தொடாதே" என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்துவிட்டாலும், கல் என்றால் என்ன என்று குழந்தைக்குத் தெரியாமலே போகும். ஊருக்குள் உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகள் இருக்கின்றன. அனுமதி கேட்டுக்கொண்டு, பாதி செதுக்கிய சிலையில் உளி கொத்திய இடத்தையும் மெருகேற்றிய இடத்தையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு மெரினா இருக்கிறது. 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலையை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததை, பேருந்து ஜன்னல் வழியாக ஒரே பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிவிட்டோம். இறங்கிச் சுற்றி வாருங்கள். பாறையை நகர்த்தும் அந்த நான்கு பேரின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று குழந்தையிடம் கேளுங்கள். முதுகு சொல்வதை முகம் சொல்லாது.

இனி வீட்டுக்கு வருவோம். பார்த்த கையோடு களிமண்ணைக் கொடுக்க வேண்டும். அச்சையும் கலர் மாவையும் கொடுத்தால், அச்சில் அழுத்தி எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். குயவர் வீட்டிலோ, பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை பிடிப்பவரிடமோ நல்ல மண் கிடைக்கும்.

மண்ணில் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: உடம்பு ஒரு உருண்டை, கால் நாலு குச்சி, ஒட்டு. காய்ந்ததும் கால் நாலும் கழன்று விழும். என் மகளின் யானையும் விழுந்தது. அழுகையோடு நின்றவளிடம், ஒரே உருண்டையிலிருந்து காலைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். இழுத்துச் செய்தால் கால் தானாகவே குட்டையாக, தடியாக வரும். தும்பிக்கை மாதிரி ஒட்டியே ஆகவேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் கீறிவிட்டு, குழைத்த சேற்றைப் பசைபோலத் தடவி அழுத்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். நிழலில், ஈரத்துணி மூடி, மெல்லக் காயவிடுங்கள்.

எனக்கு அடக்கக் கஷ்டமாக இருந்தது என் கைதான். "இங்க குடு" என்று வாங்கிக் காதைச் சரிசெய்துவிட்டால், அப்புறம் அது அவளுடைய யானை இல்லை. ஒரு காது பெரிதாக இருக்கட்டும். வேண்டுமானால் இன்னொரு உருண்டை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்று செய்யுங்கள். போன வாரம் நான் பூனை செய்தேன். அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, பின்னாடி வாலே இல்ல" என்றாள்.