ஜாயிண்ட் வேறு, வெல்டு வேறு: பைப்பிங் விதிநூலில் தடுமாறும் இடங்கள்

சைட்டில் "ஜாயிண்ட் முடிஞ்சுதா?" என்று கேட்டால் வெல்டிங் முடிந்ததா என்றுதான் பொருள். பேச்சுக்கு அது சரி. ஆலைக் குழாய்களுக்கான விதிநூலான ஏஎஸ்எம்இ பி31.3-ஐத் திறந்ததும் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். இரண்டு துண்டுகள் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பது ஜாயிண்ட். அவற்றைப் பிணைக்கும் உலோகம் வெல்டு. பைப்புகள் முனைக்கு முனை நின்றால் பட் ஜாயிண்ட், அந்த முனைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது குரூவ் வெல்டு. பைப்பை சாக்கெட்டுக்குள் (பைப் நுழையும் குழிவுள்ள ஃபிட்டிங்) செருகி, விளிம்பு மூலையைச் சுற்றிப் போட்டால் ஃபில்லெட் வெல்டு.

இதில் தடுமாறினால் சோதனையே மாறிப்போகும். "எல்லா ஜாயிண்டுக்கும் 5% எக்ஸ்ரே" என்று எழுதிவிடுகிறார்கள். சாதாரண திரவ சேவை (நார்மல் ஃப்ளூயிட் சர்வீஸ்) என்ற வகைக்கு விதிநூல் கேட்கும் அந்த 5%, சுற்றளவு பட் வெல்டுகளுக்கும் மைட்டர் (சாய்வாக வெட்டிச் சேர்த்த வளைவு) குரூவ் வெல்டுகளுக்கும் உரியது. சாக்கெட் ஃபில்லெட் அந்தக் கணக்கில் வராது.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு, ராண்டமையும் ஸ்பாட்டையும் ஒன்றாக்குவது. 40 பட் வெல்டு இருக்கிறது என்று வையுங்கள். 5% ராண்டம் என்றால் குறைந்தது 2 வெல்டை எடுத்து, ஒவ்வொன்றையும் முழுச் சுற்றும் பார்ப்பது. ஒவ்வொரு வெல்டரின் வேலையும் அதில் வர வேண்டும் என்பதால் எண்ணிக்கை கூடலாம். ஒவ்வொரு வெல்டிலும் ஒரு பகுதியை மட்டும் பார்ப்பது ஸ்பாட். 40 வெல்டிலும் தலா ஒரு ஃபிலிம் எடுத்துவிட்டு "5%-க்கு மேலேயே செய்துவிட்டோம்" என்றால், ஒரு வெல்டுகூட முழுதாகப் பார்க்கப்படவில்லை.

அடுத்து, தர காரணி, அதாவது பைப்பின் தடிமனைக் கணக்கிடும்போது அதன் தையலின் தரத்துக்காகச் சேர்க்கும் எண். ஈஆர்டபிள்யூ பைப்புக்கு (தகட்டை வளைத்து மின்தடை வெல்டால் ஒட்டியது) 0.85, சீம்லெஸ்ஸுக்கு (தையலே இல்லாதது) 1.0 என்பது பைப்பின் நீளவாட்டுத் தையலைப் பற்றியது. சைட்டில் போட்ட சுற்று வெல்டு அத்தனைக்கும் எக்ஸ்ரே எடுத்தாலும் அந்த 0.85 ஏறாது. தடிமன் கணக்கில் 1.0 போட்டுவிடாதீர்கள்.

ஃபில்லெட்டில் லெக்கையும் (மூலையிலிருந்து வெல்டின் ஓரம் வரை உள்ள பக்க நீளம்) த்ரோட்டையும் (மூலையிலிருந்து வெல்டின் முகத்துக்கு உள்ள குறுகிய தூரம்) மாற்றிப் படிக்கக் கூடாது. இரு லெக்கும் 6 மி.மீ. என்றால் த்ரோட் ஏறக்குறைய 4.2 மி.மீ. தான்.

அப்புறம் சாக்கெட் இடைவெளி. பைப்பை அடிவரை தள்ளி, சாக்கெட் விளிம்பில் ஒரு கோடு கிழித்து, சுமார் 1.5 மி.மீ. பின்னுக்கு இழுத்து டேக் (பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) போடுங்கள். இடைவெளி இல்லையென்றால் சூட்டில் பைப் நீள இடமின்றி ஃபில்லெட்டின் வேரில் விரிசல் விழலாம். வெல்டு விழுந்ததும் அந்தக் கோடு மறைந்துவிடும், அதனால் ஃபிட்-அப்பிலேயே, அதாவது துண்டுகளைப் பொருத்தும்போதே, நின்று பாருங்கள்.